இங்கே வாட்ஸ், அங்கே யப்பான்

சென்னைப் புறநகர் மாடம்பாக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு சப்வூஃபர் பாக்ஸ் அடிக்கப் போவதாகச் சொன்னால், "எத்தனை வாட்ஸ் கோன் சார் போடுறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். யாழ்ப்பாணத்தில் அதே வேலையில் இறங்கியவரிடம், "உது எங்கத்தையான் சாமான் அண்ணை? யப்பானோ?" என்று கேட்பார்கள். இங்கே வாட்ஸ் பெரிதாக இருந்தால் மதிப்பு. அங்கே காந்தத்தின் பின்பக்கம் ஜப்பான் என்று அச்சடித்திருந்தால் மதிப்பு. பலகை வாங்கக் கிளம்பியவருக்கு இந்த இரண்டு பதிலாலும் பயன் இல்லை. எத்தனை லிட்டர் பெட்டி, அதை மூடுவதா, குழாய் வைப்பதா என்பதை இரண்டுமே சொல்லாது. ஆனால் இரண்டு கேள்விகளும் சும்மா முளைத்தவை அல்ல. அந்தந்த ஊர்க் கடையில் இத்தனை காலம் என்ன கிடைத்தது என்பதிலிருந்து வந்தவை.

இந்தியாவில் 1991 வரை வெளிநாட்டு ஆடியோ சாமான் என்றால் பர்மா பஜார், இல்லாவிட்டால் துபாயிலிருந்து வரும் மாமா. மற்றவர்களுக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் டிரான்ஸ்ஃபார்மர், ஐசி, ஹீட் சிங்க், கோன், கிரில், பெட்டி மூலைக்கு அடிக்கும் தகரம் வரை தனித்தனியாக வாங்கலாம். தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்பி, தெருமுனைத் தச்சரிடம் பெட்டி அடித்து ரெக்சின் ஒட்டினால் செட் தயார். அந்தக் காலத்துச் செட்டுகளில் பாதிக்கு உயிர் கொடுத்தது '4440 ஐசி' எனப்படும் சான்யோவின் எல்.ஏ. 4440. கார் ரேடியோவுக்காக வந்த சில்லு அது. இரண்டு சேனலாக ஓட்டினால் தலா 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 19 வாட். அதைச் சுற்றி அடித்த பெட்டிகளின் முகப்பில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், நாமும் வாங்கினோம். வாட்ஸ் என்ற எண்ணின் மீது நமக்கு இருக்கும் பக்தி அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

கோயில் திருவிழாவும் இதில் சேரும். கூம்பு ஒலிபெருக்கி கட்டக் கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கிதான் வைக்கலாம் என்பது தமிழ்நாட்டுக் காவல்துறை விழாக்களுக்கு விதிக்கும் வழக்கமான நிபந்தனை. மரத்தில் கட்டிய குழாய் இறங்கியது. ஆடி மாதத்துத் தெருவில் 15 இன்ச், 18 இன்ச் கோன் வைத்த பெட்டிகள் ஏறின. மைக் செட்காரர்களுக்காக வந்த அந்த டி.ஜே. கோன்கள்தான் இன்று சந்தையில் மலிவாகவும் நிறையவும் கிடைப்பவை. வீட்டுக்குப் பெட்டி செய்பவரும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்.

இலங்கையின் கதை வேறு திசையில் போனது. 1977க்குப் பின் அங்கே இறக்குமதி திறந்துவிடப்பட்டது. நமக்கு முன்பாகவே ஜப்பானிய ரேடியோ கேசட் செட்டுகள் நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்டன. தனித்தனியாக வாங்கிச் செட் சேர்க்க வேண்டிய நெருக்கடி குறைவு. அடுத்து, ஜப்பானில் ஓடிய பழைய வாகனங்களை இறக்கி விற்கும் பெரிய வியாபாரம். இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்கு வழி ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. அங்கே காருடன் அதன் ஸ்பீக்கரும் வந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சின், கதவு, கண்ணாடி என்று வாகனத்தைப் பிரித்து விற்கிற கடைகளில் பின்சீட்டுத் தட்டிலிருந்து கழற்றிய 'ஆறுக்கு ஒன்பது' நீள்வட்ட ஸ்பீக்கரும் சேர்ந்து கிடைக்கும். புதிது வேண்டுமென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. ஆனால் 2020ல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022ல் டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. புதுக் கோன் எட்டாத பொருளாகிப் பழையதற்கு இன்னும் மவுசு கூடியது. பழைய சாமானைக் கழற்றி, துடைத்து, காகிதத்தை மாற்றி ரீகோன் செய்து போடுவது அங்கே கஞ்சத்தனம் அல்ல, கைப்பழக்கம்.

வடக்கில் அந்தப் பழக்கத்துக்கு இன்னும் கடுமையான ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, டார்ச் பேட்டரி தடைப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ கேட்டார்கள். ஒரு டைனமோ தருவது ஏறக்குறைய 3 வாட். அதில் வீடே கேட்க வேண்டுமென்றால், கொடுத்த கரண்டை வீணாக்காமல் சத்தமாக்கும் ஸ்பீக்கர் வேண்டும். இதற்குத்தான் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் உண்டு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 87 டெசிபல் கோனுக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை 90 டெசிபல் கோன் 50 வாட்டிலேயே தந்துவிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். ரிச்சி தெருவில் பேரம் பேசும்போது 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் இடையே எத்தனை நூறு ரூபாய் என்று பார்க்கிறோமே, அந்த வித்தியாசத்தில் காது வாங்குவது அவ்வளவுதான்.

மண்பானையை மறந்துவிடக் கூடாது. சலூனிலும் டீக்கடையிலும் பானை வாயில் கோனைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டார்களே, இரண்டு கரையிலும் அது இருந்தது. அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. வளைந்த சுவர், மூலை கிடையாது, சுட்ட மண் எளிதில் அதிராது. காற்றுப் புகாமல் விளிம்பை அடைத்தால் அது முறையான ஒரு மூடிய பெட்டி. கொள்ளளவை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, குயவர் கொடுத்ததுதான் என்பதே குறை.

இனி கோனுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் ஒரு கோனுக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதைச் சில எண்களில் அடக்கிவிட்டார்கள். வீட்டில் பெட்டி செய்பவருக்கு மூன்று எண் போதும். எஃப்எஸ் என்பது பெட்டியில்லாமல் கோன் தானாக அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வைக் காந்தம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது. வாஸ் என்பது கோனின் தொங்கல் எத்தனை லிட்டர் காற்றின் மென்மைக்குச் சமம் என்பது. இந்த மூன்றும் தெரியாமல் பலகை வாங்குவது அளவு எடுக்காமல் ஜாக்கெட் தைப்பதுதான்.

சுவாரசியம் என்னவென்றால், இந்த எண்களைப் பாராததால் இரண்டு ஊரிலும் நடக்கும் கோளாறு ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. நம்மூர் டி.ஜே. கோனில் காந்தம் பெரிது, பிடி இறுக்கம். க்யூடிஎஸ் 0.35 பக்கம் இருக்கும், எஃப்எஸ் 45, 50 ஹெர்ட்ஸ். திறந்த மைதானத்தில் தூரத்துக்கு அடிக்க வேண்டிய சாதனம் அது. அதைச் சின்ன மூடிய பெட்டிக்குள் போட்டு ஹாலில் வைத்தால் நெஞ்சில் குத்தும், ஆனால் அடியில் இறங்காது. "15 இன்ச் போட்டும் பாஸ் வரல சார்" என்ற புலம்பல் இதுதான். அதற்குக் குழாய் வைத்த பெட்டி வேண்டும். அப்போதும் 45க்குக் கீழே அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இலங்கையில் கழற்றி வரும் ஆறுக்கு ஒன்பதோ காரின் டிக்கி முழுவதையும் தன் பெட்டியாக எண்ணிச் செய்தது. காந்தம் சின்னது, பிடி தளர்வு, க்யூடிஎஸ் 0.7 வரைகூடப் போகும். அதைக் கச்சிதமான பெட்டியில் அடைத்து, அழகுக்கு ஒரு குழாயும் வைத்தால் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று அடிக்கும். பாட்டில் எந்த பாஸ் கிடார் வாசித்தாலும் அதே சுருதிதான். அதற்கு வேண்டியது பெரிய, குழாய் இல்லாத பெட்டி. ஓட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து அதில் பதித்தால் நன்றாக ஒலிப்பது இதனால்தான். பின்னால் கிடைக்கிற இடம் தாராளம்.

மூன்று எண்ணையும் அச்சடித்துத் தரும் கோன் வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் அளந்துகொள்ளலாம். ஒரு மல்டிமீட்டர், கோனுடன் தொடராக ஒரு ரெசிஸ்டர், டோன் எழுப்ப ஒரு செல்போன், ஏதாவது ஒரு ஆம்ப். அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தி, கோனின் இரு முனையிலும் வோல்ட்டேஜ் உச்சம் தொடும் இடம் எஃப்எஸ். பிறகு கோனின் நடுவில் தெரிந்த எடையை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். ஒரு 10 இன்ச் கோன் 32 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து ரூபாய் நாணயங்கள் நான்கு, 24 கிராம், ஒட்டியதும் 26.7க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அசையும் பகுதி 55 கிராம், வாஸ் சுமார் 68 லிட்டர். 2011ல் வந்த நம் ஐந்து ரூபாய் 6 கிராம் எடை, நிக்கல் பித்தளை, காந்தம் ஒட்டாது; இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி. இலங்கையில் இது நடக்காது. அங்கே இப்போது புழங்கும் சில்லறை பெரும்பாலும் எஃகு. கோன் மேல் வைத்தால் அடியிலுள்ள காந்தம் இழுத்து அளவைக் கெடுக்கும். நகைக்கடைத் தராசில் நிறுத்த களிமண் உருண்டைதான் அங்கே வழி.

பழைய கோன் வாங்கும்போது அளப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. விளிம்பு ஃபோமாக இருந்தால் விரலால் லேசாக அழுத்துங்கள், வெயிலும் ஈரமும் பட்டது பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு இருபது வருடம் தாங்கும். பிறகு இரண்டு கையின் கட்டைவிரல்களாலும் கோனைச் சமமாக உள்ளே தள்ளி, காதைப் பக்கத்தில் வையுங்கள். 'கர்' என்று உரசினால் காயில் கோணிவிட்டது. ரீகோன் செய்ததா என்றும் கேட்க வேண்டும். வேறு காகிதம், வேறு ஸ்பைடர் போட்ட கோனின் எண்கள் பழைய எண்களாக இருக்காது. ஜப்பான் என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

பலகையில்தான் இரண்டு நாடும் எதிர்பாராத விதத்தில் சந்திக்கின்றன. ஒட்டுப்பலகை இரண்டிடத்திலும் தேயிலையோடு வந்தது. அசாமிலும், காலிக்குப் பக்கத்து ஜின்தோட்டையிலும் ஆலைகள் ஓடியது தேயிலைப் பெட்டிக்காக. பிறகு இலங்கை அரசு கொஸ்கமவில் அமைத்த ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் கொடுக்க 1971லிருந்து சிங்கராஜ மழைக்காட்டில் இயந்திரங்கள் வைத்து வெட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பி 1977ல் அது நின்றது. 1988ல் சிங்கராஜ உலகப் பாரம்பரியக் களம் ஆனது. நம் பக்கத்தில் அந்தக் கட்டம் வந்தது 1996 டிசம்பர் 12ல். நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, கூடலூரைத் தாண்டி நாடு முழுக்கப் பாய்ந்தது. வடகிழக்கு மாநிலங்களின் ஒட்டுப்பலகை ஆலைகள் பல மூடின. காட்டு மரத்தை விட்டுத் தோட்ட மரத்துக்குத் தொழில் இடம்பெயர்ந்தது: வடக்கே யமுனாநகரில் பாப்லரும் யூக்கலிப்டஸும், தெற்கே கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும்.

தாம்பரத்துக் கடைகளில் நாம் வாங்கும் மலிவு விலைப் ப்ளைவுட்டில் பெரும்பாவூர்ச் சரக்கு கணிசம். இலங்கையில் உள்ளூர் எம்.டி.எஃப். வருவது களுத்துறை மாவட்டம் ஹொரணையில், மெர்போக் ஆலையில். அதற்கும் மரம் ரப்பர்தான். பால் வற்றிய ரப்பர் மரம் அங்கே தூளாகிப் பலகையாகிறது, இங்கே ஏடாகி ஒட்டப்படுகிறது. 1876ல் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்துக்கு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகளில் தொடங்கியது அந்தக் கரை. 1902ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தொடங்கியது இந்தக் கரை. பெரும்பாவூருக்கு அது தூரமே இல்லை. மரம் ஒரே சாதி. வேறுபடுவது அதை ஒட்டும் பசையும், பலகையை வெளியே எடுத்த பிறகு வாங்கும் மழையும்.

வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் தொடங்கிச் சேலையூர் வரை ப்ளைவுட் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு என்று சொன்னதும் பேச்சு இப்படித்தான் போகும்:

"என்ன வேலைக்கு சார்? மாடுலர் கிச்சனா?"

"இல்லண்ணே, ஸ்பீக்கர் பாக்ஸ். பதினெட்டு எம்.எம். பி.டபிள்யூ.ஆர். ஒரு ஷீட்."

"பாக்ஸுக்கு எதுக்கு சார் பி.டபிள்யூ.ஆரு? கமர்ஷியலே தாராளம். இல்லன்னா நோவாபான் எடுங்க, பாதி விலைக்கு முடிஞ்சிடும்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒலி என்ற அளவில் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நோவாபான் என்று நாம் பேர் வைத்துவிட்ட துகள்பலகை கனமானது, மந்தமானது, தட்டினால் 'டொக்' என்று அடங்கும். பெட்டிக்கு அந்தக் குணம் நல்லதுதான். ஆனால் அதன் விளிம்பில் ஸ்க்ரூ நிற்காது, நவம்பர் ஈரத்தில் உப்பும், உப்பினது மறுபடி சுருங்காது. எம்.டி.எஃப்.புக்கும் விளிம்புதான் பலவீனம், ஆனால் ஒருபடி மேல். அடர்த்தி சீராக இருப்பதால் அதில் ரவுட்டர் விட்டு வட்டம் வெட்டினால் வெண்ணெயாக வரும்; 18 மி.மீ.யில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறக்குறைய 40 கிலோ. ப்ளைவுட் அதைவிட ஐந்தாறு கிலோ குறைவு, இழுவைக்குப் பலம் அதிகம். ஆனால் உள்ளே ஏடுகளுக்கு இடையில் வெற்றிடம் இருந்தால் அந்த இடம் 'ஜிர்' என்று ஒலிக்கும், வெளியே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் ஷீட்டின் முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். நான்கு பக்கமும் கறுப்பு ஓட்டை இல்லாமல் ஏடுகள் முட்டி நிற்க வேண்டும். பிறகு விரல் முட்டியால் ஷீட் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறும்.

ஐ.எஸ். 303 என்ற முத்திரையில் ஈரம் தாங்கும் எம்.ஆர்., கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம். முன்னதைத்தான் கடையில் கமர்ஷியல் என்கிறார்கள். ஐ.எஸ். 710 கப்பல் தரம், 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் ஏடு பிரியக் கூடாது. வீட்டு சப்வூஃபருக்கு 710 வீண் செலவு. என் ஓட்டு 303 பி.டபிள்யூ.ஆருக்கு, கோன் பதியும் முகப்புக்கு மட்டும் இரண்டு பலகை ஒட்டி 36 மி.மீ. மற்ற சுவர்களில் பணம் மிச்சப்படுத்த 12 மி.மீ.க்கு இறங்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், 18 மி.மீ., 12ஐவிட ஒன்றரை மடங்கு தடிமன் என்றாலும் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல். அதோடு எதிர் எதிர்ச் சுவர்களை இணைக்கும் குறுக்குக்கட்டை ஒன்று உள்ளே இருக்க வேண்டும். வெட்டியதில் மிஞ்சிய துண்டே போதும், தச்சர் அதை எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

தேக்கில் செய்தால் என்ன என்று இரண்டு ஊரிலும் வசதியுள்ளவர்கள் கேட்பார்கள். இலங்கையில் கூடுதலாக முதிரையும் பலாவும் வரும். முழு மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும். பெரிய பலகையாக ஒட்டினால் கோடையில் மூட்டு விடும். அதைவிட முக்கியம், வீணைக் குடத்துக்குப் பலாவைத் தேர்ந்தெடுப்பது அது கூடவே ஒலிப்பதால். ஸ்பீக்கர் பெட்டி கூடவே ஒலித்தால் கெட்டது. பாட்டுப் பதிவில் ஏற்கெனவே ஒரு வீணை இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

மழை விஷயத்தில் 'இலங்கை', 'இந்தியா' என்று இரண்டாகப் பிரிப்பதே தப்பு. யாழ்ப்பாணம் மாடம்பாக்கம் போலத்தான்: வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதி மாதம் காய்கிற ஊர். இரத்தினபுரியும் களுத்துறையும் வருடத்துக்கு இரண்டு பருவமழை வாங்குகின்றன. சுவர் காய நேரமே இல்லை. அந்தப் பக்கத்தில் வெறும் எம்.டி.எஃப். பெட்டிக்கு ஆறு பக்கமும், உள்ளும் புறமும், வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றிலும் சீலர் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் எம்.டி.எஃப். இவ்வளவு கவனம் கேட்காது. கொழும்பிலிருந்து லொறியில் நனையாமல் வந்தால் போதும். மாடம்பாக்கத்தில் ஏரி நிரம்பிய டிசம்பரில் தரைத்தள வீடுகளின் சுவரடி ஒரு முழத்துக்கு ஈரம் ஏறும். அங்கே சப்வூஃபரைச் சுவர் மூலையில் தரையோடு வைத்தால் முதலில் போவது அடிப்பலகையின் பின்விளிம்பு. இரண்டு அங்குலக் கால் வையுங்கள். கரையான் தொல்லையும் அதோடு தீரும், ஓரளவுக்கு.

கணக்கு ஒன்று மட்டும். மேலே அளந்த 10 இன்ச் கோனின் க்யூடிஎஸ் 0.45 என்றால், நிதானமான பாஸ் தரும் மூடிய பெட்டி சுமார் 47 லிட்டர். பெட்டிக்குள் ஒத்ததிர்வு 50 ஹெர்ட்ஸில் நிற்கும். 18 மி.மீ. பலகையில், முகப்பின் இரண்டாம் பலகையை வெளியே ஒட்டுவது போக, வெளி அளவு 40 செ.மீ. கனசதுரம் அடித்தால் உள்ளே 36.4 செ.மீ., அதாவது 48 லிட்டர். கோனின் காந்தம் எடுத்துக்கொள்வது போகச் சரியாக இருக்கும். ஆனால் தச்சரிடம் 47 லிட்டர் என்று சொன்னால் 36 செ.மீ. வெளி அளவில் அடித்துத் தருவார். உள்ளே 34 லிட்டர்தான் இருக்கும், ஒத்ததிர்வு 55க்கு ஏறிவிடும். வித்தியாசம் சின்னது போலத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சின்னதல்ல. பன்னிரண்டடிச் சுவர்களுக்கு இடையில் 47 ஹெர்ட்ஸும், பத்தடிச் சுவர்களுக்கு இடையில் 57 ஹெர்ட்ஸும் தானாகவே எழும்பி நிற்கும். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, மூடிய ஜன்னல், ஏ.சி. என்றிருக்கும் நம் புறநகர் ஃபிளாட்டில் அந்த எழுச்சி எங்கும் ஒழுகிப் போகாது. பெட்டியும் அங்கேயே உச்சம் தொட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்து வீட்டில் ஓட்டுக் கூரையோ அஸ்பெஸ்டஸோ, காற்று வரும் கிராதிகள், திறந்த விறாந்தை. அங்கே அடி பாஸ் வீட்டுக்குள் தங்காது. அதனால் குழாய் வைத்த பெட்டி அங்கே பொருந்துகிற அளவுக்கு இங்கே பொருந்துவதில்லை. நம் கொத்தனார் 4 இன்ச் பி.வி.சி. என்று சொல்வதும், அங்கே எஸ்லோன் பைப் என்று சொல்வதும் இந்த வேலைக்கு ஒன்றுதான். 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குக் கட்ட, உள்விட்டம் 104 மி.மீ. குழாய் சுமார் 34 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியின் ஆழமே 36 என்றால் குழாயின் உள்வாய் பின்பலகையில் ஏறக்குறைய முட்டி நிற்கும்; எல்போ போட்டு வளைத்துக் குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி விட வேண்டும். சிலர் குழாயை 10 செ.மீ.க்கு வெட்டி முடித்துவிடுகிறார்கள். சுருதி 50 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும். குழாய்க்குள் பல்லி முட்டையிடுவது பற்றிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கொசுவலை கட்டினால் காற்று புஸ்ஸென்று இரையும். பெரிய கண் கொண்ட கம்பி வலைதான் சரி.

உள்ளே அடைக்கும் பஞ்சில் இரண்டு ஊரும் தலையணையையே நம்பியிருக்கின்றன. இலவம் பஞ்சு நல்ல உறிஞ்சி, ஆனால் இரண்டு வருடத்தில் அடியில் படிந்து மேல்பாதி வெறுமையாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சை உதறிப் போட்டால் போட்ட இடத்தில் நிற்கும். தென்னந்தும்பை ரப்பர் பாலில் ஒட்டிய மெத்தைத் துண்டுகளைச் சுவரில் பதிப்பவர்களும் அங்கே உண்டு. கோவை, பொள்ளாச்சி பக்கம் நமக்கும் கிடைக்கும். மூட்டுகளுக்கு ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து உட்பக்கம் இழுத்துவிட்டால் காற்று கசியாது. சிலிக்கான் பூசுவதானால் புளித்த வாடை முழுக்கப் போன பிறகுதான் கோனைப் பூட்ட வேண்டும். தச்சர்கள் கைக்கு எளிதென்று முடுக்கும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ, கோனைப் பூட்ட ஆகாது. துருவேறித் தலை முறியும், பத்து கிலோக் காந்தம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். டி-நட்டும் போல்ட்டும் போடுங்கள்.

கம்பி, டெர்மினல் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே ஃபினோலெக்ஸ், அங்கே கெலானியோ ஏ.சி.எல்.லோ, 1.5 சதுர மி.மீ. சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

செட்டை ஓட்டிப் பார்க்கும் நாளில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும், வெலிகம பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2007ல் சொன்னதும், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்ற அதே எட்டு மணி நேரத்தில் வந்து நிற்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இங்கே பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாடம்பாக்கம் 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த பிறகு தனி வீடுகள் இருந்த மனைகளில் நான்கு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வில் பெட்டியின் கால் வழியாகத் தளத்தில் ஏறுவதை ரப்பர் பாதங்கள் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியாகக் கூரையை அசைத்துப் போகும் 30, 40 ஹெர்ட்ஸை ரப்பர் ஒன்றும் செய்யாது. அதற்குக் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே போய், ஒரு பாட்டு ஓடும்போது அவர் ஹாலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வால்யூம் குமிழில் தொல்லை தராத இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்வது நல்லது.